மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான் அல்ல

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அக்கா வீட்டாரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு மேலே போக இந்த முறை என்னால் முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் இந்தக் கடிதமே. மற்றதைப் படிப்பதற்கு முன் உன் அறைக்குப் போய் இன்றைய சர்க்கரை மாத்திரையைப் போட்டாயா என்று அட்டையை எடுத்துப் பார். நாட்கணக்கில் விட்டிருந்தால் ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு மூன்றாக விழுங்காதே, கப்பலில் மருந்துப் பெட்டியைக் கவனிப்பவரிடம் போய் முதலில் சர்க்கரையைச் சோதித்துக்கொள். என் பெயரோடும் படத்தோடும், மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ பொடியைச் சாப்பிடச் சொல்லும் பதிவை நீ பார்த்திருந்தால், அதை எழுதியது நான் அல்ல.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். அந்தச் செயலியில் இப்போது கூட்டுப் பதிவு என்று ஒரு புது வசதி வந்திருக்கிறது. ஒருவர் ஒரு படத்தைப் போட்டு, இன்னொருவரையும் எழுதியவராகச் சேர அழைக்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் இருவர் பெயரிலும் அது வெளிவரும், இருவருக்கும் வேண்டியவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும். போன மாதம் எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. மருத்துவமனை ஊழியர் நண்பர்கள் என்று பெயர். நான் ஓய்வு பெற்ற அன்று மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் படம், அதன் கீழே முப்பத்தாறு வருடத்தில் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுக்காத கை என்று எழுதியிருந்தார்கள். அழைப்பு என்று வந்தால் அன்றைக்கே பதில் சொல்ல வேண்டும், காக்க வைப்பது மரியாதையில்லை என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களைப் பழக்கியிருந்தார்கள். யார் இந்த நண்பர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பெயர் பிடிபடவில்லை. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன் என்பதை அழுத்தி, நன்றி என்றும் ஒரு வரி எழுதி அனுப்பினேன். மரியாதைக்காக மட்டும் அழுத்தினேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எழுதியிருந்தது உண்மை, அதை இன்னொருவர் வாயால் கேட்க ஆசையாக இருந்தது.

இரண்டே நாளில் இருநூறு பேருக்கு மேல் லைக் போட்டிருந்தார்கள். பழைய நோயாளிகள், நர்ஸுகள், எக்ஸ்ரே அறைக்காரர், எல்லோரும் மருந்தம்மா மருந்தம்மா என்று வாழ்த்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் அதை எடுத்துப் பார்க்கப் போனவள், இது தலைக்கனம், கண்ணாடி முன்னால் இரண்டாம் முறை நிற்பதற்குச் சமம் என்று என்னை நானே அதட்டிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதன்பின் பதினொரு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்தப் பதினொரு நாளில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. படம் அதே படம், வாழ்த்துகள் அதே வாழ்த்துகள், கீழே இருந்த எழுத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். நான் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஒன்பது மாதம் ஆகிறதாம், இந்தப் பொடிதான் காரணமாம், பொடியும் மாத்திரையும் ஒன்றாகச் சேரக்கூடாதாம், ஆகவே மாத்திரையை முழுவதும் விட்ட பிறகே பொடியைத் தொடங்க வேண்டுமாம். எனக்குச் சர்க்கரையே கிடையாது, ஆனால் நீ கவலைப்படுவாயே என்று நான் மறைத்திருப்பதாக நினைத்து நீ நம்பியிருக்கலாம். மாற்றியதைப் பற்றி எனக்கு ஒரு சின்ன மணிகூட அடிக்கவில்லை.

எனக்குத் தெரிய வந்தது கீழ்வீட்டுத் தையலம்மாவால். ஒரு வாரமாக மெஷின் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது, திருமணத் துணி எதுவும் வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தங்கை மேலே ஓடி வந்து, அக்கா மெஷின் மேலயே சாஞ்சிட்டா, கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கறா என்று அலறினாள். நான் இறங்கிப் போனபோது பாதி தைத்த ரவிக்கை ஊசிக்கடியிலேயே இருந்தது. மூச்சு ஆழமாக, வேகமாக, ஒரு மாதிரி பழ வாசனையோடு வந்தது. எனக்கு அந்த வாசனை தெரியும், மருந்தை விட்டுச் சர்க்கரை எல்லை மீறியவர்களின் மூச்சில் வருவது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஊசி போட்டுக்கொண்டாளா, மாத்திரை எங்கே என்று கேட்டேன். அவள் தங்கை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, நீங்கதானேம்மா எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னீங்க, அதான் குப்பையில போட்டுட்டா என்றாள். அலமாரியில் மாத்திரை இருந்த இடத்தில் ஒரு பச்சை டப்பா இருந்தது. என் முகம் ஒட்டிய டப்பா.

இரண்டு நாள் கழித்துத் தையலம்மா கண் விழித்தாள். நான் கட்டிலருகே நின்று, அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்தம்மா, டாக்டர் என்னமோ சொல்றாரு, நீங்க சொல்லுங்க, இப்ப எதப் போட்டுக்கட்டும் என்று கேட்டாள். இவ்வளவுக்குப் பிறகும். திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளை உட்கார்ந்து என் பெயரை அந்தப் பதிவிலிருந்து எடுத்தார். ஆனால் அவர்கள் பக்கத்தில் அது இன்னும் நிற்கிறது, புகார் செய்தால் விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரே நிமிடத்தில் பதில் வருகிறது. இதேபோல் ஓர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியையின் படமும் ஒரு நீதிபதியின் படமும் அங்கே இருக்கின்றன, அவர்களுக்கும் முதலில் பாராட்டுதான் போயிருக்கும். புது வசதின்னு ஒரு வீட்டைத் திறந்தா முதல்ல குடி வர்றது இவங்கதான் அத்தை, நாம கதவு எங்க இருக்குன்னு தேடறதுக்குள்ள அவங்க அடுப்பு மூட்டிடறாங்க என்றார் மாப்பிள்ளை. உன் அக்கா அவ்வளவு நாசூக்கு பார்க்கவில்லை. ஊருக்கே சீட்டைப் படிச்சுப் படிச்சு மருந்து குடுத்தியே, ஒரு பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி யாருன்னு கேட்கலையா, புகழ்ந்துட்டா போதுமே உனக்கு என்றாள்.

அந்தச் செயலியில் எனக்கு நண்பர்களாக இருப்பவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் முப்பத்தொரு பேர் என்று நினைவிலிருந்து எழுதினேன். முப்பது பேரிடம் நானே பேசினேன், சிலர் வீட்டுக்கு நடந்தே போனேன். நால்வர் நிறுத்தியிருந்தார்கள், மறுபடி டாக்டரிடம் அனுப்பியாயிற்று. முப்பத்தொன்றாவது ஆள் நீ. அந்த லைக் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. முதலில் இருந்த பாராட்டைப் பார்த்துப் போட்டாயா, மாற்றிய பிறகு பொடியைப் பார்த்துப் போட்டாயா என்று கேட்டால், எழுத்தை மாத்தினாலும் லைக் அப்படியே நிக்கும் அத்தை, நாள் தெரியாது என்கிறார் மாப்பிள்ளை. மாத்திரையை நிறுத்தாதே என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, கப்பல் ஏதோ கரையருகே போனபோது போலும், நீங்க சொன்னபடியே செய்யறேன்மா, கவலைப்படாதீங்க என்று உன்னிடமிருந்து ஒரு வரி வந்தது. நான் சொன்னது எது என்று உடனே கேட்டேன். அந்தக் கேள்வி இன்னும் உன்னை வந்து சேரவில்லை என்றே காட்டுகிறது. என் பெயரில் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கும்போது நீ எதற்குத் தலையாட்டினாய்? அந்த வரியை எழுதியதாவது நீதானா? பகலெல்லாம் எஞ்சின் அறைச் சூட்டில் நிற்கிறவன், பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது, நாலு பக்கமும் தண்ணீர். தையலம்மாவுக்காவது மாடியில் ஒருத்தி இருந்தாள்.

உனக்குச் சர்க்கரை என்பது கம்பெனிக்குத் தெரிந்தால் கப்பலிலிருந்து இறக்கிவிடுவார்கள், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நீ என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாய். தையலம்மா மயங்கி விழுந்த பிறகும் அந்த வாக்கை ஆறு நாள் காப்பாற்றினேன். ஏழாம் நாளான இன்று காலை உன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். இரண்டாம் மாடி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி என்ன அவசரம் என்று கேட்டார். வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வாசல்வரைகூட வந்தேன். பிறகு போய் உட்கார்ந்து, உனக்குச் சர்க்கரை என்பதையும், எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதையும், நிறுத்தியிருக்கக்கூடும் என்பதையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, அம்மான்னு சொல்லிக்கிட்டு யார் யாரோ மெயில் அனுப்பறாங்க, நேர்ல வந்தீங்களே, இத நம்பலாம் என்றார். என் கண்முன்னாலேயே கேப்டனுக்குச் செய்தி போயிற்று. இந்தக் கடிதத்தையும் அடுத்த துறைமுகத்துக்குப் போகும் தபால் பையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீ இதைப் பிரிக்கும்போது உன் வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடம் உழைத்து வாங்கிய பதவி என்று தெரிந்தேதான் செய்தேன். கோபப்படு, பேசாமல் இரு, வருகிறபோது வாசலில் நின்றே சண்டை போடு. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோபப்படு.

இனி எந்தத் திரையிலும் அம்மா சொன்னாள் என்று எதையும் செய்யாதே. என் முகம் இருந்தாலும், என் குரலே கேட்டாலும், டாக்டர் எழுதிய சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான். சிறுவயதிலிருந்து என் பேச்சை மீறினால் முட்டி போட வைத்தவள் சொல்கிறேன், என் பேச்சைக் கேட்காதே.

நீ நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும் கரை ஏற வேண்டும் என்று ஒவ்வொரு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். கேப்டனிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் கேட்டதற்கு உண்மையைச் சொல். பதிலைப் போனில் அனுப்பாதே, அதை நான் நம்பமாட்டேன். துறைமுகத்தில் ஒரு தாள் வாங்கி உன் கையால் இரண்டு வரி எழுதி அனுப்பு. திட்டி எழுதினாலும் சரி.

உன் அம்மா