வாசுதேவநல்லூர் என்று சொல்லிக் காட்டியவளுக்கு

ஏட்டி,

போன வாரம் திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் மெஷினுக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். கையில் ஊசி வழியாக மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றியது போல் சூடு பரவியது. தலைக்கு மேலிருந்து ஒரு பெண்குரல், "மூச்சை இழுத்துப் பிடிக்கவும்" என்றது. பதிவு செய்து வைத்த குரல்தான். ஆனால் அந்தப் "பிடிக்கவும்" இருக்கிறதே, அதில் அதிகாரமும் அலுப்பும் சரிபாதி. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் கொடுக்கும் ட்ரங்க் கால் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "லைனில் காத்திருக்கவும்" என்பாயே, அதே தோரணை. மூச்சைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து டெக்னீஷியன் முறைத்தார்.

எழுபதுகளில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். காதில் ஹெட்போன், கையில் வயர், எதிரே ஓட்டை ஓட்டையாகப் பலகை. சீசன் வந்தால் குற்றாலத்து லாட்ஜ்களில் இருந்து வரும் அழைப்புகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. உனக்கு மூச்சுவிடுவதே தனி வேலை. சிறுமியாக இருந்தபோது வந்த மூட்டுவலிக் காய்ச்சல் உன் இதய வால்வைச் சுருக்கி வைத்திருந்தது. மாடிப்படி ஏறிவிட்டு நின்று இரைப்பாய். கேட்டால், "எனக்கு உள்வாசல் ஒடுக்கம்ட்டி" என்று கேலி பேசுவாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் நாள். டூட்டி முடிந்து நாலைந்து பேராக ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு வந்த உனக்கு வலது கையில் சோப்பு டப்பா நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவி விழுந்தது. "கை மரத்துப் போச்சுட்டி" என்றாய். "தண்ணி அந்த அடி அடிக்குது, மரக்காம என்ன செய்யும்?" என்று பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னார். நம் ஊரில் அருவிக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தைதானே அது. அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? எண்ணெய் தேய்த்துவிட்டோம், நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. டீக்கடையில் நீ டீ கேட்க வாயைத் திறந்தாய். வந்தது டீ இல்லை, எந்த மொழியும் இல்லை. அப்புறம்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். வால்வு சுருங்கியதால் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கிறது. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. உறைந்த கட்டியில் ஒரு துண்டு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது. உன் அம்மாவுக்கு அது ஏறவே இல்லை. "அருவியில தண்ணி அடிச்சதுக்கு இவரு நெஞ்சைப் போயி குத்தம் சொல்லுதாரே" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் உன்னிடம் திரும்பின. எண்கள் வந்தன, ஊர்ப்பெயர்கள் வந்தன. வாசுதேவநல்லூர் மட்டும் வரவில்லை. "வாசு" என்பாய், நாக்கு மடங்கிக்கொள்ளும். ஆபீசில் உன்னை ஃபைல் அடுக்கும் பகுதிக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போர்டை விட்டால் நீ நோயாளி, போர்டில் இருந்தால் நீ ஆபரேட்டர். உனக்கு அவ்வளவுதான் கணக்கு. இலஞ்சியில் உன் வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே, "வாசு, தேவ, நல்லூர்" என்று துண்டு துண்டாகச் சொல்லிப் பார்ப்பாய். நான் பக்கத்தில் நின்றால், "நீ என்னத்துக்கு மூஞ்சியைப் பாக்க? போ ஏட்டி, அங்கன" என்று விரட்டுவாய்.

அதிகாரி சோதித்துப் பார்ப்பதற்காக உன்னைப் போர்டில் உட்கார வைத்தார். இடது கையால் வயரைச் செருகினாய். அச்சன்புதூர், கடையநல்லூர், செங்கோட்டை எல்லாம் சரியாக வந்தன. பிறகு ஒரு அரிசி ஆலைக்காரர் வாசுதேவநல்லூருக்கு லைன் கேட்டார். நீ ஊரைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் விதி. அறையே உன்னைப் பார்த்தது. நீ நிதானமாக ஆரம்பித்தாய். "என்னம்மா, ஊர்ப் பேரை முழுங்குதே?" என்று அவர் அவசரப்படுத்தினார். "உங்க ஊரு நீளம் அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, "வாசுதேவநல்லூர்" என்று முழுசாகச் சொன்னாய். அதிகாரி, "போர்டிலேயே இரும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அழுதேன், ஏட்டி. சந்தோஷத்தில்தான்.

ஒருமுறை டாக்டரிடம் நேராகவே கேட்டாய். "இன்னும் உள்ள கட்டி கெடக்கா டாக்டர்?" அவர் ஒளிக்கவில்லை. "இங்க இருக்கிற வசதியில அது தெரியாதும்மா. நெஞ்சைத் திறந்தாத்தான் தெரியும்." நீ தலையாட்டினாய். "அப்போ இருக்குன்னே வச்சுக்கிடுதேன்" என்றாய். அன்று முதல் ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரை தவறியதில்லை. ரத்தம் சோதிக்க ரயிலேறித் திருநெல்வேலி போவதும் தவறியதில்லை. மெட்ராஸில் வால்வு ஆபரேஷனுக்கு இடம் கேட்டுக் காத்திருந்தாய். அதற்குள் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். இந்தத் தடவை எந்த வார்த்தையும் திரும்பவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு வால்வு நன்றாக இருக்கிறது. வயதாலும் பிரஷராலும் துடிப்புதான் தாளம் தப்புகிறது. நெஞ்சில் சின்னதாகக் கரண்ட் ஷாக் கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரலாம், அதற்கு முன்னால் உள்ளே பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். திரையில் என் இதயத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடது மேலறையின் ஓரத்தில் காது மாதிரி ஒரு சின்னப் பை. அதன் நுனியில் கறுப்பாக ஒரு திட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு படம் எடுத்திருந்தார்கள். ரத்தம் தேங்கி மட்டும் நின்றிருந்தால் அதற்குள் ஊசி மருந்து அங்கேயும் போய்ச் சேர்ந்து வெளுத்திருக்குமாம். கட்டி என்றால் கறுப்பாகவே நிற்குமாம். கறுப்பாகவே நின்றது. "பார்க்காமல் ஷாக் கொடுத்திருந்தால் இது கிளம்பியிருக்கலாம்" என்றார்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ கேட்ட கேள்விக்கு ஒரு திரை பதில் சொல்கிறது, அதைக் கேட்க நீ இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உன்னை நினைத்து வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் மதினி, "இந்த வயசுல எதுக்கு மருந்தும் மாயமும்? ரெண்டு நாள் அருவியில தலையைக் காட்டுனா எல்லாம் சரியாயிரும்" என்கிறாள். "அருவிக்கு நான் மாத்திரை முழுங்கிட்டு வாரேன் மதினி, தண்ணி எங்கயும் ஓடிப் போவாது" என்றேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். சில மாதம் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். கரைந்திருந்தால் ஷாக். கரையாவிட்டால் மாத்திரை தொடரும்.

உன் கட்டி எங்கே ஒளிந்திருந்தது, எப்போது புறப்பட்டது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. என்னுடையது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கிளம்ப விடமாட்டேன்.