கொள்முதல் மேலாளரின் பேஸ்காரன்

அக்டோபர் 5, சனி

இன்றும் ஒத்திகை. ஏழு பாட்டு, எல்லாம் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வேறு யாரோ பாடிப் பெயர் வாங்கியவை. இசோபே சான் பாட்டும் கிட்டாரும், டிரம்ஸ் வாசிக்கும் அம்மா ஹிசாயோ சான், நான் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக் கிட்டார். மூன்று பேர்தான் பேண்டு. மூவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இன்னும் மரியாதைக்குப் பெயரோடு 'சான்' போட்டுத்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.

முடிந்ததும் இசோபே சான் வழக்கம்போல இடுப்பு வரை குனிந்து, "வாராவாரம் உங்களை இழுத்தடிக்கறேன், மன்னிக்கணும்" என்றார். நானும் வழக்கம்போலக் குனிந்து, "ஐயோ, நீங்க கூப்பிடறதே எனக்குப் பெரிய விஷயம்" என்றேன். ஆறு வருஷத்தில் பாட்டுகளையெல்லாம் மாற்றிவிட்டோம். இந்த இரண்டு வரியை மட்டும் மாற்றவில்லை.

பேஸ் நாலரைக் கிலோ. உறை, ஒலியை மாற்ற மிதிக்கும் பெடல், ஒயர் எல்லாம் சேர்த்தால் ஏழு வரும். டிராமில் நின்றுகொண்டே வந்தேன். வலது தோள் இடதைவிடக் கீழே இறங்கிவிட்டது என்கிறாள் யுகாரி. கல்யாணமான புதிதில் இப்படிக் கோணலாக இல்லையாம்.

அக்டோபர் 9, புதன்

எங்கள் கம்பெனி மேலாளர் நெசு என் மேஜைப் பக்கம் வந்தார். "நவம்பர் நிகழ்ச்சிக்கு எத்தனை டிக்கெட் வித்தே?"

"ஒண்ணு சார்."

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு."

சிரித்தார். அவருக்கென்ன, சிரிக்கலாம். அந்த அரங்கில் வாசிப்பவனுக்குக் கூலி கிடையாது. பதினெட்டு டிக்கெட் நம் தலையில் கட்டுவார்கள். ஆளுக்கு ஆறு. விற்காத டிக்கெட்டுக்கு நாமே பணம் கட்ட வேண்டும், அதற்கு மேல் விற்றால்தான் பாதி நமக்கு. ஒரே ஒரு முறை அப்படிக் கிடைத்தது. மூவரும் இயந்திரத்தில் காசு போட்டு ஆளுக்கொரு டப்பா காபி வாங்கிக் குடித்தோம், தீர்ந்தது. மற்றபடி என் பங்கில் மிஞ்சுகிற டிக்கெட்டெல்லாம் சரக்குக் கிடங்கில் இருக்கும் ஆட்களுக்கு இனாம். அவர்களும் வருவதில்லை.

எப்படி மாட்டினேன்? நெசுதான். "நீ காலேஜ்ல பேஸ் வாசிச்சவன்தானே? இசோபே சானோட பேண்டுல பேஸ்காரன் ஊரைவிட்டுப் போயிட்டான். ஒரு நாள் போய் நில்லு, போதும்." இசோபே சான் எங்கள் பெரிய வாடிக்கையாளர் கம்பெனியில் கொள்முதல் மேலாளர். சுவருக்கும் கூரைக்கும் அடிக்கிற பலகையெல்லாம் எங்களிடம்தான் வாங்குகிறார்கள். ஒரு நாள் போய் நின்றேன். இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

இன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், இந்த வருஷத்தோட நான்..." என்று ஆரம்பித்தேன்.

"மார்ச்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும்" என்றார். "மனுஷன் உன்னை நம்பித்தான் மேடை ஏறறார். பேஸ் வாசிக்க ஆள் கிடைக்கறதே குதிரைக்கொம்பாம், எத்தனை தடவை சொல்லிட்டார் தெரியுமா? நீ விட்டுட்டா நான் அவர் முகத்துல எப்படி முழிக்கறது?"

விலைப்பட்டியலைத் திறந்தேன்.

அக்டோபர் 12, சனி

ஸ்டூடியோவில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அடித்தந்தி சத்தமே வரவில்லை. குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். ஹிசாயோ சான் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "ரொம்ப சத்தம், வக்குயி சான். கண்ணாடி அதிருது."

ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

இடது காதில் தாழ்ந்த ஒலிகள் மட்டும் விழவில்லை. டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார், கோடு இடது பக்கம் பள்ளத்தில் கிடந்தது. இது சத்தத்தால் வந்ததில்லையாம். அலுப்பு, மன அழுத்தம், தூக்கமின்மை. நிறையப் பேருக்கு வருமாம், ஓய்வெடுத்தால் திரும்பி விடுமாம், எடுக்காவிட்டால் திரும்பாமலும் போகலாமாம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"விற்பனை."

"அதான்" என்று எழுதிக்கொண்டார். பேஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பேஸ் வாசிக்கிறவனுக்குத் தாழ்ந்த ஒலி மட்டும் கேட்காமல் போனால் தெரிந்தவன் ஒருத்தன்கூடச் சிரிக்காமல் இருக்க மாட்டான்.

அக்டோபர் 22, செவ்வாய்

யுகாரி கேட்கிறாள், "நேரா அவர்கிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?"

நேராகச் சொல்வது என்றால் எப்படி? போன வருஷக் கடைசியில் இசோபே சான் எனக்கு ஒரு பெடல் பரிசளித்தார். ஒலியை உருண்டையாக்கிக் கொடுக்கும், விலை முப்பதாயிரம் யென்னுக்குக் குறையாது. பதிலுக்கு நாங்கள் முலாம்பழம் அனுப்பினோம். அவர் அதற்குப் பதிலாக நண்டு அனுப்பினார். நண்டைச் சாப்பிட்டுவிட்டு எந்த வாயால் விலகுகிறேன் என்று சொல்வது?

"நண்டு சாப்பிட்டது தப்புன்னு அன்னைக்கே சொன்னேன்" என்கிறாள். சொல்லவில்லை. இரண்டு கால் அதிகமாகவே சாப்பிட்டாள்.

நவம்பர் 2, சனி

இன்று ஒத்திகை முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே தூண்டில் போட்டேன். "வருஷக் கடைசி வருது. உங்களுக்கு வேலை நெருக்குமே, இசோபே சான்."

"எனக்கென்ன? உங்களுக்குத்தான் நெருக்கும்" என்றார். பிறகு கிட்டார் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே, "சிரமமா இருந்தா தயங்காம..." என்று இழுத்தார்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மனிதர் நிற்கிறார். வெளியே போக வேண்டியதுதான் பாக்கி. நான் என்ன சொன்னேன்? "சேச்சே, சிரமமா, எனக்கா? சனிக்கிழமை எப்ப வரும்னு இருப்பேன்."

அவர் முகத்தில் என்னவோ வாடியது. என்னவென்று புரியவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் இருபத்தாறு வருஷம் விற்பனையில் இருந்திருக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

காது அப்படியே இருக்கிறது. படுத்தால் உள்ளே ஓர் இரைச்சல். மாத்திரை கசக்கிறது.

நவம்பர் 16, சனி

நிகழ்ச்சி முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்றாவது பேண்டு நாங்கள். கூட்டம் முப்பது பேர் இருக்கும், அதில் பாதி அடுத்து வாசிக்கப் போகிறவர்கள்.

எனக்கு என் பேஸ் கேட்கவில்லை. இடது பக்கம் பஞ்சு. வலது பக்கம் முழுக்க இசோபே சானின் கிட்டார். விரல் போன போக்கில் வாசித்தேன். ஹிசாயோ சான் இன்று பெரிய டிரம்மை மிதித்த மிதியில் மேடைப் பலகையே எகிறியது, அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியதால் தாளத்தை விடாமல் பிழைத்தேன். நாலாவது பாட்டில் ஒரு முழுச் சுற்று தப்பான இடத்தில் இருந்தேன் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும், கேட்டால்தானே தெரியும்.

இறங்கியதும் இசோபே சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்குத்தான் உங்க பேஸ் பிரமாதம்."

நெசு மூன்றாவது வரிசையிலிருந்து கட்டை விரலைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இவர்களுக்கு ஒன்றுதான். அங்கே ஒரு ஆள் நின்றால் போதும். ஆறு வருஷம் அந்த ஆளாக நின்றிருக்கிறேன்டா நான்.

நவம்பர் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மாதிரிப் பலகைகளைக் கொடுக்க அவர்கள் கிடங்குக்குப் போயிருந்தேன். இசோபே சான் தனியாக இருந்தார். "சனிக்கிழமை நிஜமாவே நல்லா இருந்துது" என்று திரும்பவும் ஆரம்பித்தார். அதுதான் தாங்கவில்லை.

"எனக்குக் காது கேக்கலை, இசோபே சான். அன்னைக்கு நான் வாசிச்சது ஒண்ணுகூட எனக்குக் கேக்கலை. ஒரு மாசமா இப்படித்தான். என்னால இனிமே முடியாது. நான் விலகிக்கறேன். ஒப்பந்தம் போனாப் போகட்டும்."

கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது. காதில் விழுந்த பிறகுதான் எனக்கே திக்கென்றது.

அவர் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒப்பந்தமா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க விலை குறைவு, வாங்கறோம்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்பே அவருக்குப் போதும் என்று ஆகிவிட்டதாம். தொண்டை போய்விட்டது, சனிக்கிழமை மீன் பிடிக்கப் போக ஆசை. நெசுவிடம் சொல்லியிருக்கிறார். நெசு குரலைத் தாழ்த்தி, "எங்க வக்குயிக்கு இந்த பேண்டை விட்டா வேற ஒண்ணுமே இல்லை. பிள்ளைங்க வெளியூர் போனதுலேர்ந்து மனுஷன் இடிஞ்சு போயிருக்கான். சனிக்கிழமைக்காகத்தான் வாழறான். இன்னும் கொஞ்ச நாள் தயவு பண்ணுங்க" என்றாராம்.

"அதனாலதான் அந்தப் பெடல்" என்றார் இசோபே சான். "உங்களுக்காவது சந்தோஷமா இருக்கட்டுமேன்னு."

"எனக்கு ஒரு மகள்தான். இதே ஊர்லதான் இருக்கா" என்றேன்.

இருவரும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. இவருக்காக நான், எனக்காக இவர். ஆறு வருஷச் சனிக்கிழமைகள். வாராவாரம் குனிந்து குனிந்து அந்த இரண்டு வரியைச் சொன்னபோது, இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

நவம்பர் 25, திங்கள்

நெசுவிடம் கேட்டேன். கொஞ்சம்கூட அசரவில்லை. "ஆறு வருஷத்துல ஒரு ஆர்டராவது வெளிய போச்சா? போகலை. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் பொய் ஒரு நாள்ல செத்திருக்கும். கேட்டீங்களா?"

மேஜையைத் தட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. அந்த ஆள் சொன்னதில் பாதி நிஜம், அதுதான் எரிச்சல்.

நவம்பர் 30, சனி

ஹிசாயோ சானிடம் சொல்ல வேண்டுமே. இசோபே சானும் நானும் மூன்று மணிக்கு அந்த அம்மா நடத்தும் கியோசா கொழுக்கட்டைக் கடைக்குப் போனோம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, மாவுக்குள் பூரணம் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குனிந்தோம், தப்பு செய்த பையன்களைப் போல. இசோபே சான் எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எது?"

"ரெண்டு பேருக்கும் மனசில்லைன்னு. நீங்க முன்னாடி பாத்து நிக்கறீங்க, பின்னாடி உக்காந்திருக்கறது நான்தானே? ஆறு வருஷமா உங்க முதுகைத்தான் பாக்கறேன். முதுகு பொய் சொல்லாது." பிறகு என்னைப் பார்த்து, "உங்க காது சரியில்லைன்னும் தெரிஞ்சுது. தலையை வலது பக்கமே சாய்ச்சு வச்சிருந்தீங்க. அதான் அன்னைக்கு அப்படி மிதிச்சேன். முழங்கால் இன்னும் வலிக்குது" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னா நின்னுடுமே."

அவர் கை அப்போதுதான் நின்றது. சனிக்கிழமை மதிய வியாபாரத்தை விட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று பேரில் அங்கே இருக்க ஆசைப்பட்டவரும் அவர் ஒருவர்தான். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். ஆளுக்கு இரண்டு தட்டு. பணம் வாங்கவில்லை.

டிசம்பர் 7, சனி

ஒத்திகை இல்லை. யுகாரி ஜன்னல் துடைக்கச் சொன்னாள், துடைத்தேன்.

டிசம்பர் 14, சனி

இசோபே சான் மீன் படம் அனுப்பியிருக்கிறார். சுண்டுவிரல் அளவுதான். மனிதர் பல் தெரியச் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை மேடையில் நான் பார்த்ததே இல்லை.

எனக்கு விடுதலை கிடைத்திருக்கிறது, சரி. காலையிலிருந்து சோபாவில் கிடக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

வரைபடத்தில் கோடு மேலே வந்துவிட்டது. "நல்லா ஓய்வெடுத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து பேஸை எடுத்து, ஆம்பில் செருகாமல் மடியில் வைத்துக்கொண்டேன். அடித்தந்தியின் அதிர்வு விலா எலும்புக்குள் போயிற்று. காதுக்கும் வந்தது. நாலாவது பாட்டின் அந்தச் சுற்றை மெதுவாக வாசித்துப் பார்த்தேன், சரியான இடத்தில். நல்ல சுற்றுதான் அது. இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், நல்ல சுற்று என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கட்டாயத்துக்குத் தின்ற சோற்றின் ருசி தெரியுமா?

எனக்கு இது பிடிக்குமா, பிடிக்காதா? என்னை நானே கேட்டதில்லையே.

டிசம்பர் 28, சனி

பேஸை விற்றுவிடலாமா என்று இசைக்கருவிக் கடைக்கு எடுத்துப் போனேன். விலை கேட்கும் முன் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். ஹிசாயோ சானின் கையெழுத்து, கடைப் பலகையில் அவர் எழுதும் அதே கொழுத்த எழுத்து. "பேஸும் பாட்டும் தேவை. வயது எதுவானாலும் சரி. மனமில்லாதவர் வர வேண்டாம்."

விலை கேட்காமல் திரும்பிவிட்டேன். ஏழு கிலோவும் கூடவே.

ஜனவரி 11, சனி

ஹிசாயோ சானோடு திரும்பச் சேரலாமா என்று கிடங்கு ஆட்களிடம் உளறியிருந்தேன். நேற்று நெசு கேட்டார், "என்னடா, திரும்ப டிரம்ஸ் அம்மாவோட சேரப் போறியாமே? அங்கதான் இசோபே சான் இல்லையே, எதுக்கு?" அவர் இல்லாததால்தான் என்றேன். புரிந்ததோ இல்லையோ, போய்விட்டார்.

இன்று காலை ஹிசாயோ சானுக்குப் போன் செய்தேன். பின்னால் கடைச் சத்தம்.

"பேஸுக்கு ஆள் கேட்டிருந்தீங்களே" என்றேன். "வக்குயி பேசறேன்."

தட்டைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு, "யார் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலை."

"அடுத்த சனிக்கிழமை வாங்க. வாசிச்சுக் காட்டணும். பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்" என்றார். "உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் நீங்க சொல்லணும். அன்னைக்கே. குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போகக் கூடாது."

சொல்கிறேன் என்றேன்.