பிள்ளை பெறாமல் வைத்த சரக்குக்கறி

என் செல்ல அம்மாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. கலியாணம், சோதனை, புது வீடு என்று எல்லாவற்றையும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பத்திரிகையில் எழுதினால்தான் சொல்ல வரும் போலிருக்கிறது. விசர்தான், பைத்தியக்காரத்தனம்.

போன பனிக்காலம் முடிகிற நேரம் நான் ஏழு வாரக் கர்ப்பம். மாத்திரை எடுத்துக் கலைத்தேன்.

என் கணவர் சுதன் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். அங்கே கலியாணம் முடிந்து நான் மட்டும் சுவிஸுக்குத் திரும்பி வந்திருந்தேன். அவருடைய விசா எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தொழிற்கல்வியின் கடைசிச் சோதனை. நீங்களும் இல்லை. மூன்று நாள் போனில் கதைத்தோம். கடைசியில் அவர் சொன்னார்: "உம்மடை உடம்பு. நீர் என்ன முடிவெடுத்தாலும் நான் உம்மோடைதான்." முடிவு என்னுடையது. அதற்காக வருந்துகிறேனா என்றால், இல்லை. பயப்படுகிறேன். அது வேறு.

முதல் மாத்திரையை மருத்துவருக்கு முன்னால் விழுங்கினேன். இரண்டு நாள் கழித்து மற்றதை வீட்டில் எடுத்தேன். குளியலறை அலுமாரியில் போனைச் சாய்த்து வைத்து, சுதன் பகல் முழுவதும் வீடியோவில் இருந்தார். நோவும் இரத்தப்போக்கும் அவர்கள் தந்த தாளில் எழுதியிருந்தபடியே வந்தன, அதன்படியே குறைந்தன. பிறகு பரிசோதித்து, எல்லாம் சரி என்றார்கள்.

என்ன சாப்பிடுவது என்று மட்டும் அந்தத் தாளில் இல்லை. மருத்துவரிடம் கேட்டேன். விருப்பமானதைச் சாப்பிடலாம் என்று சிரித்தார்.

எனக்கு உங்கள் சரக்குக்கறிதான் நினைவுக்கு வந்தது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்து, உள்ளிப்பூண்டை அள்ளிப் போட்டு, பிள்ளை பெற்ற பெண்களுக்கென்று சமைப்பீர்கள். பாத்திரத்தைத் துவாயில் சுற்றி ரயிலில் கொண்டுபோவீர்கள். பெட்டி முழுக்க மணக்கும். நான் வெட்கப்பட்டு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து புத்தகம் வாசிப்பேன். ஆனால் பிள்ளை இல்லாமல் இரத்தம் போகிற உடம்புக்கு என்ன கொடுப்பது என்று நீங்கள் சொல்லித் தரவில்லையே.

ஆகவே அந்தக் கறிக்கான சரக்குத்தூள் வாங்க இங்குள்ள தமிழ்க் கடைக்குப் போனேன். அங்கேதான் பிழை விட்டேன். சரக்குத்தூள் வாங்கினால் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"ஆருக்குப் பிள்ளை பிறந்தது?" என்றார் கடைக்கார அக்கா.

வேலையிடத்தில் ஒரு சுவிஸ் பெண்ணுக்கு என்று சொன்னேன்.

"அவையள் இதைச் சாப்பிடுவினமோ? பாத்துக் குடும், வயித்தைக் கலக்கினால் வழக்குப் போடுவினம்."

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வைத்தேன், மிளகு கூடிவிட்டது. ஆனாலும் மூன்று நாள் அதையேதான் சாப்பிட்டேன். அடுத்த முறை போனபோது அக்கா தானே பின்னிய சின்னக் காலுறை ஒரு சோடி தந்தார், அந்தச் சுவிஸ் குழந்தைக்கு. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அம்மா, சுதன் கோடையில் வந்து சேர்ந்துவிட்டார். காலையில் மொழி வகுப்பு, பின்னேரம் ஒரு பேக்கரியில் வேலை. இப்போது எங்களுக்குப் பிள்ளை வேண்டும். அந்த மாத்திரை இனி வரும் கர்ப்பத்தைப் பாதிக்காது, ஆயத்தம் என்றால் முயலலாம், போலிக் அசிட்டை முன்கூட்டியே தொடங்குங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு காலையும் எடுக்கிறேன். இதைப் பற்றி மூன்று மொழியில் வாசித்துவிட்டேன், எல்லாவற்றிலும் ஒரே பதில்தான். நாலு மாதம் ஒன்றும் இல்லாவிட்டால் அது சாதாரணம் என்றும் எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் மாதவிடாய் வருகிற ஒவ்வொரு முறையும், இருந்த ஒன்றே ஒன்றையும் நான் அனுப்பிவிட்டேனோ என்று மனம் கேட்கிறது. இவ்வளவு வாசித்தும் ஏனம்மா நம்ப முடியவில்லை?

போன சனிக்கிழமை சுதனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். எப்போது வந்தனீர், கலியாணம் எப்ப நடந்தது என்று அக்கா அவரை விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். மனதுக்குள் மாதங்களை எண்ணுகிறார் என்று விளங்கியது. அரிசி மூட்டையோடு சுதன் வெளியே போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்தச் சரக்கு உமக்குத்தானே?"

நான் தலையாட்டினேன்.

"எனக்கும் சின்னவனுக்கு முதல் ஒண்டு. விசா இல்லாமல் அகதிக் காம்பிலை இருந்த நேரம். வேண்டாமெண்டு கலைச்சது. உம்மடை அம்மாவுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ, ஒண்டும் கேக்கேல்லை. ஒரு கிழமை சரக்குக்கறி கொண்டந்து தந்தவ."

ஊர்ப்பெயர் போடாமல் எழுதும் என்று சொல்லி, இதை எழுத அவரே சம்மதம் தந்தார். அவருடைய சின்னவன் இப்போது கடையில் பெட்டி இறக்கித் தருகிறான், என்னைவிட உயரம்.

நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. உயிரோடிருந்தால் என்னைத் திட்டுவீர்களா என்று இத்தனை மாதமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்வி போய்விட்டது. வேறொன்றுதான் அரிக்கிறது. பிள்ளை இல்லாத வீட்டுக்கு நீங்கள் பாத்திரம் கொண்டுபோன அந்த நாட்களில், இரண்டு இருக்கை தள்ளி நானும் இருந்தேனா? வேறு எத்தனை பேருக்கு இப்படிக் கொண்டுபோனீர்கள்?

அக்கா சொன்னதோடு என் பயம் தீரவில்லை. அவருக்குப் பிறந்தது என்றால் எனக்கும் பிறக்கும் என்று யார் சொல்வது? வியாழக்கிழமை ஒரு புதிய மகப்பேற்று மருத்துவரிடம் போகிறோம். முன்கூட்டியே நிரப்பச் சொல்லிப் படிவம் ஒன்று தபாலில் வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், இதுவரை எத்தனை தடவை கர்ப்பமாயிருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். எல்லாம் நிரப்பியாயிற்று. அந்தக் கட்டம் நாலு நாளாக வெறுமையாகக் கிடக்கிறது. சைபர் என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கூட நினைத்தேன்.

எழுதமாட்டேன் அம்மா. ஒன்று என்றே எழுதுவேன். மருத்துவர் மேலே கேட்டால் எல்லாம் சொல்லுவேன், பயமாயிருக்கிறது என்பதையும் சொல்லுவேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

ஒரு தடவை கர்ப்பமாயிருந்த
உங்கள் மகள்