அம்மா மிதித்த மண்

அன்பு மகள் சிட்டுவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அண்ணனும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் மூன்று பேருக்கும் இப்போது ஒரே வேண்டுதல். போனில் சொன்னதையே திரும்ப எழுதுகிறாரே, அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதே. போனில் நான் பாதி சொல்வதற்குள், இதையெல்லாம் இங்கே டாக்டரிடம் போய்ச் சொல்ல முடியாதுப்பா, சிரிப்பார்கள் என்று நீயே சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அடுத்த மாதம் உன் மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னாயே, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு நடந்ததைக் கேள். மழைக்குப் பிறகு அவளுக்கு இளைப்பு அதிகமாகி, பக்கத்துத் தெரு டாக்டர் அதே வகை மாத்திரைதான் கொடுத்தார். அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், மூச்சுத் திணறலோடு வருகிறவளுக்கு வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது, எழுந்து உட்கார்ந்து என்னையும் உன் அண்ணனையும் ஒரு பாட்டம் திட்டினாள், எனக்குப் போன உயிர் வந்தது. பிறகு வயிறு உப்பிக்கொண்டது, காய்ச்சல் ஏறியது, பேச்சுக் குழறியது, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா சளியைப் பரிசோதித்துவிட்டு வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, இவங்க மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்கிறவங்களா என்பது. நம் செடி நர்சரியில் வேறு எப்படிச் செய்வார்கள், சொல். ஓடை வண்டலையும் எருவையும் மணலையும் கொட்டி அம்மா மிதித்தால்தான் நாற்றுப் பையில் நிரப்புகிற பதம் வரும், செருப்புப் போட்டால் காலுக்கு ஈரம் தெரியாது என்பாள். நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து மிதித்தவள்தானே. அந்த வண்டலில் இருந்த, கண்ணுக்குத் தெரியாத புழு உள்ளங்கால் தோலைத் துளைத்துப் போய்க் குடலில் குடித்தனம் நடத்தியிருக்கிறது, அதுவும் வருஷக்கணக்காக, வெளியே வராமல் உள்ளேயே குட்டி போட்டுக்கொண்டு.

இத்தனை வருஷம் உடம்பு சும்மாவா இருந்தது என்று கேட்டேன். புழு சாமர்த்தியக்காரப் புழுவாம். உடம்பின் காவல்காரர்களை அது அடித்து விரட்டுவதில்லை, நைசாகத் தூங்க வைத்துவிடுகிறதாம். காவல் தூங்கினால் அந்தப் புழுவுக்கு மட்டுமா லாபம், மற்ற நோய்க்கும் கதவு திறந்துதானே கிடக்கும், போடுகிற தடுப்பூசிகூடச் சிலருக்குச் சரியாகப் பிடிக்காதாம். எந்தப் பூச்சி கடித்தாலும் அம்மாவுக்குத் தடிக்காது, இரும்பு உடம்பு என்று நாம் பெருமையடித்தோமே, அதிலும் கொஞ்சம் புழுவின் கைவேலை இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒன்றிரண்டு காவல்காரர்கள் விழித்திருந்துதான் அதை அடக்கி வைத்திருந்திருக்கிறார்கள். மாத்திரை அவர்களையும் படுக்க வைத்துவிட்டது. புழு நுரையீரல்வரை ஏறி, குடலில் இருந்த கிருமியையும் ரத்தத்தில் சேர்த்துவிட்டது. இப்போது அதற்கான மருந்து ஏறுகிறது, காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறுகிறது, பிழைத்துவிடுவாள் என்று யாரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உன் அண்ணனுக்கு இல்லை, இருந்தும் அவன் பாத்ரூமுக்குக்கூட பூட்ஸோடு போகிறான். எனக்கு இருக்கிறது சிட்டு. ஒரு வலியில்லை, ஒரு அரிப்பில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருக்கிறது. மாத்திரை கொடுத்து முடித்துவிட்டார்கள், சிரமமே இல்லை. இப்படித் தெரியாமலே இருக்கும் என்பதால், எனக்கு ஒன்றும் இல்லையேப்பா என்று நீ சொல்வதைக் கேட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மலத்தில் பார்த்தால் தப்பிவிடுமாம், அந்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கும் முன் ரத்தத்தில் பார்க்கச் சொல். புழுவின் பெயரை டாக்டரம்மா தனிச் சீட்டில் எழுதித் தந்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன், வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதை நீட்டினால் போதும்.

நேற்று அம்மா கண் விழித்தாள். நீ போனில் சொன்னதை அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், அவள் கேட்டதும் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: "புழுன்னு சொல்ல அவளுக்கு வெக்கமா இருக்கும். அம்மா மண்ணு மிதிச்சவ, நானும் கூட மிதிச்சேன்னு சொல்லச் சொல்லுங்க. அதுல என்ன வெக்கம்?"

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்த அன்றே போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன். அம்மா கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா