வீட்டார் அழைப்பு என் மேசைக்குத்தான் வரும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி என் அலுவலகத்துக்குப் போன் செய்தது நீதான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, தங்கச்சி விவரம் தெரியாதவள், ஏதோ சேவை ஆசையில் கிளம்பி வந்துவிட்டாள், பக்குவமாகச் சொல்லி அனுப்பி வையுங்கள் என்று பேசியிருக்கிறாய். போனில் கேட்டால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று. சம்பளமில்லாமல் சேவை செய்ய இங்கே வரும் தொண்டர்களின் வீட்டிலிருந்து யார் கவலையோடு கூப்பிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான். வரவேற்பில் இருப்பவள் நீ சொன்னதை எழுதி, வழக்கம்போல என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. திரும்பி ஓடிவந்து, "அடியே, இது நீதானா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

ஆகவே எல்லா வீட்டாருக்கும் சொல்வதுபோலவே உனக்கும் சொல்கிறேன். முதலில் அறை. என் அறை மாடியில், ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிறுத்தம். தண்ணீருக்குக் குறைவில்லை. தாழ்ப்பாள் உறுதி. தாழ்ப்பாள் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. தொண்டர்களைத் தங்கவைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நான் உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எங்கள் டிரைவரை வெளியிலிருந்து தோளால் முட்டச் சொல்வேன். போன வாரம் ஒரு கதவு அவரோடு சேர்ந்தே உள்ளே விழுந்தது. "இந்த வீடும் வேணாம் மேடம், இந்த வேலையும் வேணாம்" என்றார். பட்டியலிலிருந்து வீட்டை மட்டும் நீக்கினேன்.

அடுத்தது துணை. காய்ச்சலில் கிடக்கும் தொண்டருக்கு ஆஸ்பத்திரியில் துணை இருப்பது நான். பாடம் நடத்த வந்தவளை டீ போட வைத்த பள்ளிக்கூடத்துக்காரரோடு சண்டைக்குப் போவதும் நான். அவர்களுடைய அம்மாக்கள், "எம்பிள்ளைக்கு என்ன தைரியம் பாருங்க" என்று பூரித்துப்போகிறார்கள். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வந்து போனால் தைரியம். சம்பளத்துக்கு வந்து அவர்களைப் பார்த்துக்கொண்டால் திமிர். சொந்தக்காரர்களிடம் நீ சொன்ன வார்த்தை அதுதான், சித்தி சொல்லிவிட்டாள். நான் சேவைக்கு வரவில்லை, வேலைக்கு வந்தேன். அதை நன்றாகச் செய்கிறேன். மலைப்பக்கம் புதிதாகத் திறக்கும் அலுவலகத்துக்கு என்னையே பொறுப்பாகப் போகச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. வீட்டார் எவ்வளவு கெஞ்சினாலும், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. அப்பா படுத்த படுக்கை என்பார்கள். விசாரித்தால் அப்பா கூரைமேல் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருப்பார். உண்மையாகவே படுத்துவிட்ட அப்பாக்களும் உண்டு. அதனால் எந்த அழைப்பையும் பொய் என்று நான் ஒதுக்குவதில்லை. உன்னுடையதையும்தான்.

சம்பந்தப்பட்டவளைக் கேட்டுவிட்டேன். வரமாட்டாளாம். அம்மா வாய்விட்டுக் கூப்பிட்டால் மட்டும் அடுத்த விமானத்தில் வருவாளாம்.

கொஞ்ச நாளாக அம்மாவின் போனை நீயே எடுக்கிறாய். தூங்குகிறாள் என்கிறாய், குளிக்கிறாள் என்கிறாய், கடைக்குப் போயிருக்கிறாள் என்கிறாய். உடம்பு முடியாதவள் எந்தக் கடைக்குப் போனாள்?

அண்ணிக்கு என் அன்பு. கைக்குழந்தையோடு வீட்டு வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் படும் பாடு எனக்குத் தெரியும். அதற்கு ஓர் ஆள் வேண்டுமென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆள் தேடி இவ்வளவு தூரம் போன் போட்டவனுக்கும் இரண்டு கை இருக்கிறது. குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவேன். நீ பேசாதே. போனை அம்மா கையில் கொடு.

உன் தங்கை