விராலும் செம்மண் கட்டியும்

ஸ்கூட்டர் டிக்கியைத் துடைக்கும்போது விரால் பிடிக்கத் தூண்டிலில் நீ மாட்டும் ரப்பர் தவளை கிடைத்தது. குளத்துப் பாசியின் வாடை இன்னும் அதில் இருக்கிறது. மீன் கழன்று போக வசதியாக, முள்ளின் கொண்டியைக் குறடால் நசுக்கி வைத்திருக்கிறாய். அதைப் பார்த்ததும் அந்தக் கார்த்திகை ஞாயிறு வந்து நின்றது.

துபாயில் வண்டி ஓட்டிவிட்டுக் கடையநல்லூருக்குத் திரும்பியிருந்தாய். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விடுவது அங்கே பழகிய பழக்கம். நான் சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டுகிறவன்; மீன் பிடித்தால் குழம்புக்குத்தான். இரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டேதான் பனவடலிசத்திரம் பக்கத்துக் குளத்துக்குப் போய்வந்தோம்.

அன்று எனக்குச் சிரிப்பு இல்லை. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தாள் என் மனைவி. "விரால் கொழம்புன்னா ரெண்டு வாய் எறங்கும்" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். நானே பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு என் தூண்டில் கம்பு வளைந்தது. முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது அந்த விரால். அதைக் கையில் பிடித்த பிறகுதான் தண்ணீர்மேல் சிவப்பாக மிதந்த குஞ்சுக் கூட்டத்தை நீ காட்டினாய்.

"விட்டிரு வே. குஞ்சக் காத்துக்கிட்டு நிக்கி அது."

"விடுததுக்கா காலைலேந்து வெயில்ல நின்னேன்?"

"சந்தையில வேற வாங்கித் தாரேன். பெரிய தலைய எடுத்தா இத்தனையும் போயிரும்."

"எம் பொண்டாட்டி இருவது நாளா கஞ்சி குடிக்கா. ஒனக்கு மீனுதான் பெருசாத் தெரியுதோ? அரபு நாட்டுப் பாடத்த இங்கன நடத்தாத."

நீ மீனை நோக்கிக் கையை நீட்டினாய். நான் உன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். சகதியில் முழங்கால் புதைய விழுந்தாய். விரால் என் கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. கரைக்கு ஏறி, கல்லால் அதன் தலையில் ஒரு போடு போட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன்னை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

குழம்பு நான்தான் வைத்தேன். அவள் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். "அண்ணன் ஏன் வரல?" என்று உன்னை விசாரித்தாள். உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. விழுந்ததில் அடிபட்டிருக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் திரும்பவும் குளத்துக்கு ஓடினேன்.

நீ மடைக்குப் பக்கத்தில் நின்றாய். சட்டையில் சகதி காய்ந்திருந்தது. குஞ்சுகளைக் கொத்த வந்த நீர்க்காகங்களைச் செம்மண் கட்டி எறிந்து விரட்டிக்கொண்டிருந்தாய். மதியம் சாப்பிடக்கூடப் போகவில்லை.

"அதோட சோடி வருதான்னு பாத்தேன். வரல" என்றாய். "பொழுது அடைஞ்சா நீர்க்காக்கா போயிரும். அதுவரைக்கும் நிக்கேன்."

நானும் ஒரு கட்டியை எடுத்து எறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே கேட்டாய்:

"தங்கச்சி சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"நல்லது."

நாலைந்து நாள் வேலைக்குப் போகாமல் அந்தக் கரைக்குப் போனாய். குஞ்சுக் கூட்டத்தின் சிவப்பு நாளுக்கு நாள் சுருங்கி, ஒருநாள் காணாமல் போனது. அதை என்னிடம் நீ சொல்லவில்லை. நானே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மறுவருடம் மாசியில் தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுபோனது.

இப்போதும் எல்லா மீனையும் நான் விடுவதில்லை. பெரியது மாட்டினால் முதலில் சுற்றிலும் தண்ணீரைப் பார்க்கிறேன். அன்று அவள் சாப்பிட்டதைத் தப்பென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் உன்னைத் தள்ளினேனே, அதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கரையில் நாம் சேர்ந்து நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை வாய் வரை வந்தது. நீ அடுத்த கட்டியை எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தாய்.