இருபத்திரண்டு டிகிரியில் வேர்த்தவள்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அம்மா நலமாகிக்கொண்டு வருகிறாள். மூன்று மாதமாக நீ போனை எடுக்காததால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அம்மாவுக்குத் தைராய்டு, கண்ணு. பயப்படாதே, மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. நீ கல்யாணமாகிப் போன பிறகு, வீடு வேகிறது வேகிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏசி மெக்கானிக்கிடம் புழுக்கம் என்று சொன்னால் அவன் ஏசியைத்தானே கழற்றுவான்? மூன்று தடவை கழற்றினேன், கேஸும் நிரப்பினேன். நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் பட்டறையிலிருந்து மீட்டரைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டி, பாரு, இருபத்திரண்டு டிகிரி, மீட்டர் பொய் சொல்லாது என்றேன். அவள் அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள், தூக்கம் இல்லை, இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் துரும்பாக இளைத்தாள். மகளைப் பிரிந்த ஏக்கம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது மோதிரம் நழுவி சிங்க்குக்குள் போய்விட்டது. குழாயைக் கழற்றி எடுத்து மாட்டிவிட்டால் விரலில் நிற்கவே இல்லை, விரலும் நடுங்கியது. அன்றைக்கே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் விளக்கினார். கழுத்துச் சுரப்பி அதிகமாகச் சுரந்தால் மூளை அதை அடக்குமாம். இவளுக்கு நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே தப்பாக அந்தச் சுரப்பியைத் தூண்டிக்கொண்டிருக்கிறதாம், மூளை அடக்குவது எடுபடவில்லை, அதனால் இதயம், குடல், தூக்கம், மனசு எல்லாம் தறிகெட்டு ஓடுகிறதாம். குளிர் போதும்னு நிறுத்துற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு, கம்ப்ரசர் நிக்க மாட்டேங்குது, அப்படித்தானே என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் பார்க்கிற பழுது, பக்கத்தில் இருப்பவளிடம் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அப்படி இருந்த நாளில்தான் நீ போன் செய்தாய், அம்மா உன்னிடம், நீ இல்லாமத்தான் வீடு நிம்மதியா இருக்கு என்று சொல்லிவிட்டாள். அது வியாதி பேசியது என்று உனக்கு எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வேண்டாம், சுரப்பி மேல பழியைப் போடாதீங்க, சொன்னது என் வாய்தான் என்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் டாக்டரம்மாவிடம் மருந்து இல்லை. இப்போது நடுக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாக நிற்கவில்லை.

ஒன்றை மறக்காதே. இது குடும்பத்தில் வரக்கூடியதாம், நீயும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. படபடப்பு இருந்தால் வேலை அலுப்பு என்று என்னைப்போல நீயே தீர்ப்புச் சொல்லிவிடாதே. இருவரும் நீண்ட ஆயுசோடு, மனம் குளிர்ந்து இருங்கள். கீழே இருக்கும் கோணல் எழுத்து என்னுடையது அல்ல.

உன் அப்பா

நீ இல்லாம வீடு நிம்மதியா இல்லடி. அம்மா.